மழையில் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல், வால்பாறையில் விடாத மழை. அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களின் முறை. வருஷத்தில் பாதி நாள் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையில் மழை பெய்துகொண்டிருக்கிறது, நல்ல படங்கள் கிடைக்கிற காலமும் அதுதான். ஆனால் கேமரா வைத்திருக்கும் பலர் சரியாக அந்த மாதங்களில்தான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். மழையில் படமெடுக்கத் தயங்குகிறவர்களும், புதிதாகக் கேமரா வாங்கியவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மழையில் கேமராவை வெளியே எடுக்கலாமா, கூடாதா?

தாராளமாக எடுக்கலாம். தூறலுக்கும் சாரலுக்கும் ஒரு ஹூடும் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) ஒரு துண்டுத் துணியும் போதும். நிதானமான மழைக்கு மேலே ஒரு கவர் வேண்டும். அடைமழையில் கவரும் வேண்டும், நிற்பதற்குத் தாழ்வாரமோ பஸ் ஸ்டாப்போ மாதிரி ஒரு மறைவும் வேண்டும். காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கிற மழை என்றால் காத்திருங்கள். அந்த வேகத்தில் எந்தக் கவரும் ரொம்ப நேரம் தாங்காது, படமும் பெரும்பாலும் சரியாக வராது.

நம்முடைய தட்பவெப்பத்தில், வானத்திலிருந்து விழும் துளியைவிட, மழை விட்ட பிறகு கேமராவிலேயே தங்கிவிடுகிற ஈரம்தான் அதிகம் கெடுக்கிறது. நனைந்த கேமராவை அப்படியே பையில் போட்டு மூடிவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்தான் முக்கால்வாசிச் சேதம் நடக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் மழையில் நிற்கும் நேரத்தைப் பற்றி எழுதியிருப்பதற்குக் குறையாமல், வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

என் கேமராவில் வெதர் சீலிங் இருக்கிறது. அப்போதும் கவலைப்பட வேண்டுமா?

கவலை குறையும், போய்விடாது. வெதர் சீலிங் என்றால் பட்டன்கள், மூடிகள், இணைப்புகள் எல்லாவற்றையும் சுற்றி ரப்பர் வளையங்களும் ஸ்பாஞ்சுப் பட்டைகளும் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீர் உள்ளே போவதை அவை கடினமாக்கும். முழுதாகத் தடுக்கும் என்று எந்த நிறுவனமும் உறுதி சொல்வதில்லை. கையேட்டை எடுத்துப் பாருங்கள், தூசியும் ஈரமும் நுழையாத வகையில் வடிவமைக்கப்பட்டிருந்தாலும் முழுப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்ற பொருளில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, பாடிக்கு (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு) மட்டும் சீலிங் இருந்தால் போதாது, லென்ஸுக்கும் இருக்க வேண்டும். பாடியோடு சேர்த்துக் கொடுக்கிற சாதாரண கிட் லென்ஸ்களில் பலவற்றுக்கு மவுண்ட்டை, அதாவது பாடியில் பொருந்தும் இடத்தைச் சுற்றி ரப்பர் வளையம் கிடையாது. லென்ஸைக் கழற்றி அதன் உலோக மவுண்ட்டின் விளிம்பைப் பாருங்கள். மெல்லிய கறுப்பு ரப்பர் உதடு ஒன்று தெரிந்தால் சீலிங் உண்டு. சில நல்ல லென்ஸ்களுக்கு முன்பக்கத்தில் ஃபில்டர் மாட்டினால்தான் சீலிங் முழுமையாகும். கேனானின் பழைய 17-40 எம்.எம். எல் லென்ஸ் அந்த வகை.

இரண்டாவது, ரப்பர் வயதாகும். பேட்டரி மூடியை ஆயிரம் முறை திறந்து மூடிய, வெயிலில் காய்ந்த, அஞ்சாறு வருஷத்துக் கேமராவின் சீலிங் புதிதில் இருந்தது போல இருக்காது. வாங்கிய வருஷம் மழையில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இன்றைக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்ப வேண்டாம்.

ஐ.பி. எண் என்று போடுகிறார்களே, அது என்ன?

பொருள்களுக்குள் தூசியும் தண்ணீரும் எவ்வளவு நுழையும் என்பதற்கான சர்வதேசத் தர அளவு. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர் இலக்கம் 1 என்றால் செங்குத்தாகச் சொட்டும் துளியைத் தாங்கும். 3 என்றால் சாய்வாகத் தெளிக்கும் நீரைத் தாங்கும், 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும்.

லென்ஸ் மாற்றும் கேமராக்களில் இந்த எண்ணை வெளிப்படையாகச் சொல்பவை மிகக் குறைவு. ஓ.எம். சிஸ்டத்தின் ஓ.எம்.-1 கேமராவுக்கு ஐ.பி. 53 என்று அறிவித்திருக்கிறார்கள், அதுவும் அதற்கேற்ற லென்ஸோடு இருந்தால்தான். மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் 'தூசி, ஈரம் தாங்கும்' என்று வார்த்தையில் சொல்லிவிட்டு எண் கொடுப்பதில்லை. உண்மையிலேயே தண்ணீருக்குள் போகக்கூடியது வேண்டுமென்றால் அது தனி வகை. ஒலிம்பஸ் டி.ஜி.-6 போன்ற சின்னக் கேமராக்கள் 15 மீட்டர் ஆழம் வரை போகும்.

தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. துளி நேராக மேலே விழுவதால் முதலில் நனைவது ஹாட் ஷூ, அதாவது ஃபிளாஷ் மாட்டும் இடம். அங்கே இருக்கும் உலோகத் தொடுப்புகளில் ஈரம் நின்றால் ஃபிளாஷ் குழப்பம் செய்யும், நாளாவட்டத்தில் பச்சை பிடிக்கும். கேமரா வாங்கும்போது அங்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி செருகியிருக்கும். பலர் முதல் நாளே தொலைத்துவிடுகிறார்கள். தனியாக வாங்கினாலும் விலை அதிகமில்லை, மழைக்காலத்துக்கு அவசியம் போட்டு வையுங்கள்.

அடுத்தது வியூஃபைண்டரின் ரப்பர் ஐகப். அதன் மேல் விளிம்பில் தண்ணீர் தேங்கி, நீங்கள் கண்ணை வைக்கும்போது உள்ளே வழியும். அப்புறம் பக்கவாட்டில் உள்ள யு.எஸ்.பி., மைக் துளைகளின் ரப்பர் மூடிகள். சரியாக அமுக்காமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் சீலிங் இருந்தும் பயனில்லை. மழைக்குள் போகுமுன் கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் ஒருமுறை அழுத்தித் தடவிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட யாரும் சந்தேகப்படாத வழி ஜூம் லென்ஸ். ஜூம் செய்யும்போது முன்னால் நீளுகிற வகை லென்ஸ் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, சுருங்கும்போது வெளியே தள்ளுகிறது. நீண்டிருக்கும் குழாயின் மேல் மழைத்துளிகள் உட்கார்ந்திருக்க, அப்படியே சுருக்கினால் அந்தத் துளிகள் லென்ஸுக்குள்தான் போகும். ஆகவே நீண்ட குழாயைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் சுருக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் பல லென்ஸ்களைக் காப்பாற்றும். முடிந்தால் மழை நாளில் ஒரே நீளமுள்ள பிரைம் லென்ஸையோ, உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸையோ கொண்டுபோங்கள்.

ரெயின் கவர் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, பாலிதீன் கவரே போதுமா?

அடிக்கடி மழையில் போகிறவர் என்றால் வாங்குங்கள். கை நுழைக்க இரண்டு பக்கமும் சட்டைக்கை மாதிரி இருப்பது, பின்னால் திரையைப் பார்க்கத் தெளிவான ஜன்னல் இருப்பது என்று பார்த்து வாங்குங்கள். எப்போதாவது போகிறவருக்குக் கெட்டியான, ஒளி ஊடுருவும் பாலிதீன் பை நன்றாகவே வேலை செய்யும்.

செய்வது எளிது. கேமராவும் கைகளும் தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரிய பையை எடுங்கள். மூடியிருக்கும் பக்கத்தின் ஒரு மூலையில் ஹூடின் வாயைவிடக் கொஞ்சம் சிறிதாக ஒரு ஓட்டை வெட்டுங்கள். கேமராவைத் திறந்த பக்கம் வழியாக உள்ளே விட்டு, ஹூடை அந்த ஓட்டை வழியாக வெளியே இழுத்து, பிளாஸ்டிக்கை ஹூடின் மேல் மடித்து ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். ரப்பர் பேண்ட் ஹூடின் மேல்தான் இருக்க வேண்டும், ஃபோகஸ் வளையத்தின் மேல் இருந்தால் திருப்ப முடியாது. பையின் திறந்த வாய் எப்போதும் கீழ்நோக்கி இருக்கட்டும், அதன் வழியாகத்தான் கையை விட்டு இயக்குவீர்கள். கீழே கட்டிவிடாதீர்கள். கையின் சூடும் மூச்சும் உள்ளே தங்கி, மழை நனைக்காத கேமராவை வியர்வை நனைத்துவிடும். வியூஃபைண்டர் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை வெட்டி, ஐகப்பைக் கழற்றி, பிளாஸ்டிக்கின் மேலாகத் திரும்ப மாட்டினால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஒரு முறை செய்ததைக் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. மலைப்பகுதிகளில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். காட்டைப் படமெடுக்கப் போகிறவர் காட்டில் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வருவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

குடை போதாதா?

கூட ஒருவர் வந்து பிடித்தால் குடையைவிட நல்லது எதுவுமில்லை. தனியாகப் போனால் ஒரு கை குடைக்கே போய்விடும், மறு கையால் கேமரா பிடித்தால் படம் அசையும். குடையின் விளிம்பிலிருந்து வடிகிற தண்ணீர் சரியாக லென்ஸ் மேல் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் கண்ணாடியில் துளி விழுந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

ஹூட் போடுங்கள். வெயிலுக்காக என்று நினைத்துப் பலர் மழையில் கழற்றிவிடுகிறார்கள், ஆனால் துளியைத் தடுப்பதில் அதற்கு இணை இல்லை. படமெடுக்காத நேரத்தில் லென்ஸைத் தரையைப் பார்த்தபடி தொங்கவிடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

வைட் லென்ஸ்களின் ஹூட் குட்டையாக இருப்பதால் அதிகம் உதவாது. அங்கே ஒரு தெளிவான பாதுகாப்பு ஃபில்டர் போட்டுவிட்டால் பயமில்லாமல் துடைக்கலாம். துடைப்பதற்கு இரண்டு வகைத் துணி வேண்டும். பாடியைத் துடைக்கத் துவைத்துப் பழகிய பருத்தித் துண்டு, கண்ணாடிக்கு மைக்ரோஃபைபர். இரண்டையும் கலக்காதீர்கள், துண்டில் ஒட்டிய மண் கண்ணாடியில் கீறும். மைக்ரோஃபைபர் துணி நாலைந்தாவது ஒரு ஜிப் கவரில் காய்ந்தபடி இருக்கட்டும். ஈரமான துணியால் துடைத்தால் துளி போய்ப் படலம் வரும், அது துளியைவிட மோசம். தேய்க்க வேண்டாம், முதலில் ப்ளோயரால் ஊதித் துளியை விரட்டிவிட்டு மிச்சத்தை ஒற்றி எடுங்கள்.

மழையில் லென்ஸ் மாற்றலாமா?

வேண்டாம். காருக்குள், கடைக்குள், கூரைக்குக் கீழே போய் மாற்றுங்கள். எங்கேயும் போக வழியில்லை என்றால் இருக்கிற லென்ஸிலேயே எடுக்கலாம், அதற்கும் படங்கள் இருக்கும். மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸைக் கழற்றினால் பலவற்றில் படம் பதிவாகும் சென்சார் நேரடியாகவே வெளியே தெரிகிறது, ஒரு துளி போதும்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்க மங்கிவிடுகிறது. ஏன்?

பிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வெளியே வியர்க்கிறதே, அதேதான். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவி, தன்னைவிடக் குளிர்ந்த பொருளில் பட்டதும் தண்ணீராகிறது. சென்னையில் மழைக்கால நாளொன்றில் வெளியே 32 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் சுமார் 28 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். இரவெல்லாம் 24 டிகிரி ஏ.சி.யில் இருந்த கேமரா வெளியே வந்தால் படியாமல் என்ன செய்யும்?

வெளியே தெரிகிற மங்கல் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அதே நீர் லென்ஸுக்குள்ளும், சென்சார் மேலும், சர்க்யூட் போர்டிலும் படியலாம் என்பதுதான் பிரச்சினை. மங்கிய உடனே லென்ஸைக் கழற்றி உள்ளே துடைக்கப் போகிறவர்கள் ஈரக்காற்றை இன்னும் உள்ளே விடுகிறார்கள்.

வழி சுலபம். அறையை விட்டுக் கிளம்புமுன், அறைக்குள்ளேயே கேமராவை ஒரு பெரிய ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். வெளியே வந்த பிறகும் அரை மணி, முக்கால் மணி நேரம் கவருக்குள்ளேயே இருக்கட்டும். நீர் கவரின் வெளிப்பக்கத்தில் படியும், கேமரா மெதுவாக வெளிச் சூட்டுக்கு வந்துவிடும். கல்யாண வேலைக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவு நேரம் இருக்காது. அவர்கள் முதல் நாள் இரவே கேமராவை ஏ.சி. இல்லாத அறையில் வைத்துவிடுவது நல்லது. காரில் போகும்போது ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் பையை வைக்காதீர்கள். சேரும் இடம் வருவதற்குக் கால் மணி முன்னால் ஏ.சி.யை அணைத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அதுவே போதும்.

கொடைக்கானல், ஊட்டி போகிறவர்கள் கவனிக்க வேண்டியது கீழே இறங்கும்போதுதான். மேலே குளிரில் இருந்த கேமரா மேட்டுப்பாளையத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ வந்ததும் பையைத் திறந்தால் இதே கதை.

கடற்கரையில் மழை என்றால் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம், கடல் துளியை மழைத்துளி மாதிரி நினைக்கவே கூடாது. மழைத்தண்ணீர் காய்ந்தால் பெரும்பாலும் போய்விடும். கடல்தண்ணீர் காய்ந்தால் உப்பு நிற்கும். அந்த உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் திரும்பவும் நீரை இழுத்துத் தானே கரையும். கடலோர ஊர்களில் அநேகமாக எல்லா இரவும் அந்த அளவைத் தாண்டும். அதாவது ஒருமுறை தெறித்த உப்பு நீங்கள் தூங்கும்போதெல்லாம் ஈரமாகி உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும்.

காசிமேட்டிலோ தனுஷ்கோடியிலோ எடுத்துவிட்டு வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடி முழுவதையும் துடையுங்கள். ஓரம், சந்து, பட்டை மாட்டும் வளையம், டிரைபாட் மாட்டும் துளை எல்லாம் சேர்த்து. அப்புறம் காய்ந்த துணியால் ஒருமுறை. டிரைபாட் கால்களை நீட்டி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். தனுஷ்கோடியில் மழையே இல்லாத நாளிலும் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புகிறது, கண்ணாடியை நாக்கால் தொட்டுப் பார்க்காமலே தெரியும்.

அருவிக்குப் பக்கத்தில்?

அருவியின் தெறிப்பு மேலிருந்து விழாது, முன்னாலிருந்து பறந்து வரும். அதனால் மேலே மூடும் கவர் பயன் தராது, ஹூடும் பாதிதான். ஒரு துணியை லென்ஸ் முன்னால் பிடித்துக்கொண்டு காட்சியைத் தயார் செய்யுங்கள், துணியை எடுத்த உடனே கிளிக் செய்யுங்கள், மறுபடி மூடுங்கள். குற்றாலம் மெயின் அருவி பெருகி விழும் நாளில் கிட்டே போகாமல், டெலி லென்ஸோடு பாலத்துப் பக்கம் நிற்பதே மேல்.

இடி மின்னல் இருக்கும்போது எடுக்கலாமா?

கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ இருந்து எடுக்கலாம். வெட்டவெளி, மொட்டை மாடி, மலை முகடு, தனி மரத்தடி எல்லாம் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, டிரைபாடைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

மழை தெரியும்படி எடுக்க என்ன செட்டிங்?

பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஷட்டர் 1/125 விநாடி வைத்தால் துளி அதற்குள் ஏழு சென்டிமீட்டர் இறங்கிவிடும், படத்தில் கோடாக விழும். 1/1000 வைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, கிட்டத்தட்ட துளியாகவே தெரியும். கோடு கோடாக வேண்டுமா, துளியாக வேண்டுமா என்று முடிவு செய்து வையுங்கள். இரண்டுக்கும் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சம் துளிகளுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். வெளுத்த வானத்துக்கு எதிரே எவ்வளவு பெரிய மழையும் தெரியாது. நனைந்த இலைகளின் மினுமினுப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் உதவும், ஆனால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

தொடுதிரை உள்ள கேமரா என்றால் மழைக்குள் போகுமுன் தொடு வசதியை அணைத்துவிடுங்கள். துளிகள் திரையில் விழுந்து ஃபோகஸ் புள்ளியை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

கேமரா நன்றாக நனைந்துவிட்டது, அல்லது தண்ணீரில் விழுந்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

பேட்டரியை எடுங்கள், வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். ஆஃப் செய்து, திரும்ப ஆன் செய்து, வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் எல்லார் கையும் போகும். அந்த ஆன் செய்வதுதான் கொல்கிறது. தண்ணீர் இருந்தும் மின்சாரம் ஓடாத போர்டைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் ஷார்ட் ஆகும், தொடுப்புகளை மின்னரிப்பு நிமிஷத்தில் தின்னத் தொடங்கும்.

அடுத்து மெமரி கார்டை எடுங்கள். கார்டு நனைந்திருந்தாலும் காயவைத்தால் படங்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். வெளியே உள்ள தண்ணீரை ஒற்றி எடுங்கள், ஆட்டவோ உதறவோ வேண்டாம், ஓரத்தில் நிற்கும் நீர் உள்ளே போய்விடும். பிறகு லென்ஸைக் கழற்றி, பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். பேட்டரி மூடி, கார்டு மூடி, ரப்பர் மூடிகள் எல்லாவற்றையும் திறந்து, ஃபேன் காற்றில் ஒரு துணி மேல் வையுங்கள். குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள். ஹேர் டிரையர் வேண்டாம், சூடு பசையை இளக்கும், காற்றின் வேகம் நீரை ஆழத்துக்குத் தள்ளும். உச்சி வெயிலும் வேண்டாம்.

உள்ளே தண்ணீர் போயிருப்பது உறுதியாகத் தெரிந்தால், அதிலும் கடல்தண்ணீர் என்றால், காயட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். நீங்களே ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். உள்ளே ஃபிளாஷ் இருக்கும் கேமராக்களில் அதற்கான கெபாசிட்டர், பேட்டரியை எடுத்த பிறகும் சில நூறு வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும்.

நனைந்த பேட்டரி உப்பியிருந்தால் திரும்பப் போடவும் வேண்டாம், சார்ஜ் செய்யவும் வேண்டாம்.

அரிசியில் புதைத்து வைத்தால் ஈரம் போகும் என்கிறார்களே?

அரிசி உறிஞ்சுவது மிகக் கொஞ்சம். அதன் தவிடும் மாவும் துளைகளுக்குள் போய் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். திறந்த ஃபேன் காற்று அதைவிட நல்லது.

மழையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் தலை துவட்டுமுன் கேமராவைத் துவட்டுங்கள். கவரோடு பையில் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள். வெளிப்புறம் காய்ந்த பிறகுதான் லென்ஸைக் கழற்றவோ மூடிகளைத் திறக்கவோ வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் நின்ற தண்ணீரை நீங்களே உள்ளே அனுப்பியதாகும். பிறகு லென்ஸை நீட்டிய நிலையில், மூடி போடாமல், ஃபேனுக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள்.

பையை மறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சுத் தடுப்புகளை உருவி எடுத்துத் தனியாகக் காயவையுங்கள். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அழுத்திப் பார்த்தால் ஈரம் தெரியும். ஈரப்பையில் நல்ல லென்ஸை வைத்து மூடுவது பூஞ்சையை நாமே வளர்ப்பதற்குச் சமம். கழுத்துப் பட்டையும் அப்படித்தான்.

லென்ஸில் பூஞ்சை எப்படி வருகிறது? வந்தால் தெரியுமா?

பூஞ்சையின் வித்து காற்றில் எங்கேயும் இருக்கிறது, லென்ஸுக்குள்ளும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் வாரக்கணக்கில் 65, 70 சதவீதத்துக்கு மேல் நின்று, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அது முளைக்கும். பீரோவில் பூட்டி வைத்த கேமராவுக்கு இது மூன்றும் கிடைக்கிறது. மழைக்குப் பயந்து நாலு மாதம் வெளியே எடுக்காத லென்ஸில்தான் பூஞ்சை அதிகம் பார்க்கிறோம். தோல் உறையில் போட்டு வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

பார்ப்பது இப்படி: லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளை) முழுதாகத் திறந்த நிலையில், இருட்டறையில் பின்பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடியுங்கள். முன்பக்கமிருந்து கோணத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். பூஞ்சை, விளிம்பிலிருந்து உள்ளே கிளை விட்டுப் போகும் மெல்லிய வெள்ளை நூல்களாகத் தெரியும். ஆரம்பத்திலேயே பார்த்தால் பிரித்துச் சுத்தம் செய்யலாம். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கை அரித்துவிடும், பிறகு பூஞ்சையை எடுத்தாலும் தடம் போகாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், லென்ஸை வாரம் ஒருமுறையாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து படமெடுங்கள்.

டிரை கேபினெட் வாங்குவதா, சிலிக்கா ஜெல் போதுமா?

மூன்று, நான்கு லென்ஸுக்கு மேல் இருந்தால் மின்சார டிரை கேபினெட் வாங்கலாம். 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் போதும், அதற்கு ரொம்பக் கீழே இறக்கத் தேவையில்லை.

ஒரு கேமரா, ஒன்றிரண்டு லென்ஸ் என்றால் காற்றுப் புகாமல் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மீட்டர் இல்லாமல் வைப்பவர்கள் ஏமாறுவார்கள். ஜெல் நிரம்பிவிட்டது தெரியாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் கண்ணுக்கே தெரியும். நீல நிறத்தில் வருவது ஈரம் பிடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு நிறத்தில் வருவது பச்சையாகும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆரஞ்சுதான் வாங்க வேண்டும். நிறம் மாறியதைச் சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி, 120 டிகிரி அளவில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வரும், நன்றாக ஆறிய பிறகு திரும்பப் போடலாம். ஈரமான கேமராவை ஃபேனில் காயவைக்காமல் நேராக டப்பாவில் போடாதீர்கள், ஜெல் ஒரே நாளில் நிரம்பிவிடும்.

தண்ணீர் போனதற்கு வாரண்டி கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது, சீலிங் உள்ள மாடலாக இருந்தாலும். தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது நீர்ச்சேதம் சேர்ந்ததா என்று பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், விற்பவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

பழைய கேமரா வாங்கப் போகிறேன். அது மழையில் நனைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டரி அறையைத் திறந்து உள்ளே உள்ள உலோக நாக்குகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் தண்ணீர் பார்த்த கேமரா. அடிப்பக்க ஸ்க்ரூக்களின் தலை, ஹாட் ஷூவின் தண்டவாளம், பட்டை வளையம் ஆகியவற்றில் துரு இருக்கிறதா பாருங்கள். எல்லா ரப்பர் மூடியையும் திறந்து மூடிப் பாருங்கள், சரியாக உட்காராத மூடி இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். எல்லா பட்டனையும், ஒன்று விடாமல், இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். நனைந்த கேமராவில் ஒன்றிரண்டு பட்டன் தாமதமாகவோ தானாகவோ வேலை செய்யும். லென்ஸுக்கு டார்ச் சோதனை. கடைசியாக மவுண்ட் மூடியைக் கழற்றிய உடனே மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பழைய பெட்டியில் மடித்து வைத்த துணி மாதிரி பூஞ்சை வாசம் வந்தால், கண்ணாடியில் நூல் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த லென்ஸ் வேண்டாம். உங்கள் மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில்தானே அதை வைக்கப் போகிறீர்கள்.